மறக்கத் தெரிந்த கோப்பு வழங்கி

டொராண்டோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குவெல்ஃப் என்னும் ஊர், சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய பழைய கட்டடங்களுக்கும், விவசாயம், கால்நடை மருத்துவம் ஆகிய படிப்புகளுக்கும் பேர்போனது. 1862-இல் டொராண்டோவிலேயே தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி 1922-இல் அவ்வூருக்குக் குடிபெயர்ந்தது. 1874-இல் ஏற்பட்ட விவசாயக் கல்லூரியும் அதுவும் சேர்ந்து 1964-இல் குவெல்ஃப் சர்வகலாசாலைக்கு அடித்தளமாயின. பிற்காலத்தில் அமெரிக்கத் தூதராக டில்லிக்கு வந்த பொருளாதார அறிஞர் கால்பிரெய்த் இளமையில் பயின்றது அந்த விவசாயக் கல்லூரியிலேதான் என்பதை நம்மவர் அநேகர் அறியார். பசுவையும் பயிரையும் பற்றிய ஆராய்ச்சிக்கே கீர்த்தி பெற்ற அந்த ஸ்தாபனத்திலிருந்து, இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினிச் சாதனத்தின் மூலநிரல் புறப்பட்டது என்பது அதைக்காட்டிலும் குறைவாகவே அறியப்பட்ட செய்தி.

அந்தச் சாதனத்தின் பெயர் என்.எஃப்.எஸ்.; வலைப்பின்னல் வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு அது. ஒரு காரியாலயத்தில் இருபது கணினிகள் இருந்தால் இருபதிலும் தனித்தனியே தஸ்தாவேஜுகளைச் சேமித்து வைப்பது வீண் சிரமம். அவற்றை ஓரிடத்தில் வைத்து, எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அவை அந்தக் கணினியின் சொந்த வட்டிலேயே இருப்பதுபோல் தோன்றச் செய்துவிட்டால், பயன்படுத்துவோருக்கு இடைவெளியே தெரியாது. அவ்வாறு கோப்புகளை வைத்துக்கொண்டு கேட்போருக்கெல்லாம் கொடுக்கும் கணினியையே கோப்பு வழங்கி என்கிறோம். 1980களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதனை வகுத்து, கணினிகள் தமக்குள் என்ன கேட்கவேண்டும், என்ன விடை தரவேண்டும் என்னும் நெறிமுறையைப் பகிரங்கமாக வெளியிட்டது. தான் எழுதிய நிரலையோ உரிமக் கட்டணம் பெற்றுக்கொண்டே பிறருக்கு அளித்தது.

பாஷையின் இலக்கணம் ஊருக்குப் பொது, அதில் எழுதிய காவியம் மட்டும் ஒருவருடையது என்ற அந்த நிலையிலேதான் ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருந்தது. குவெல்ஃப் சர்வகலாசாலையில் பணிபுரிந்த ரிக் மாக்லெம், நெறிமுறையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, வழங்கி, கேட்கும் கணினி ஆகிய இரு தரப்புக்கும் உரிய நிரலை 1980களின் பிற்பகுதியில் தாமே எழுதி, கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தைச் செப்பனிட்டு வந்த குழுவினருக்கு நன்கொடையாக அளித்தார். 1990-இல் வெளிவந்த 4.3 பி.எஸ்.டி. ரீனோ என்னும் பதிப்பில் அது இடம்பெற்றது, 1991-இல், யூனிக்ஸின் உரிமையாளரான ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் உரிமம் இல்லாதவர்களும் தாராளமாகப் பெற்றுப் பிறருக்கும் வழங்கத்தக்கதாக பெர்க்லி வெளியிட்ட தொகுப்பிலும் சேர்ந்தது. அங்கிருந்து ஃப்ரீ பி.எஸ்.டி., நெட் பி.எஸ்.டி., ஓப்பன் பி.எஸ்.டி. ஆகிய மூன்று இயங்குதளங்களுக்கும், பின்னர் ஆப்பிள் நிறுவனத்தின் இயங்குதளத்துக்கும் சென்றது. அந்நிரலின் தலைப்பில், இது குவெல்ஃப் சர்வகலாசாலையின் மாக்லெம் அளித்ததிலிருந்து வந்தது என்று பெர்க்லியார் எழுதிவைத்த நன்றிக் குறிப்பு, பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளான நிரல்களிலும் விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

இனி அந்நெறிமுறையின் உட்பொருளைச் சற்று ஆராய்வோம். அதன் ஆதிகர்த்தாக்கள் முதலில் தீர்மானித்தது, வழங்கி எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே. கடன்கணக்கு எழுதும் வழக்கமே இல்லாத ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்: வருகிறவர் ஒவ்வொரு முறையும் இன்னார், இன்ன பொருள், இன்ன அளவு என்று முழுவதும் சொல்லியாக வேண்டும், "நேற்று வாங்கியதில் மிச்சம்" என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அதுபோலவே, கேட்கும் கணினி இந்த வழங்கியிடம் "கோப்பைத் திற" என்றோ "அடுத்த பகுதியைக் கொடு" என்றோ சொல்வதில்லை. "இந்த அடையாளமுள்ள கோப்பில், இத்தனையாவது பைட்டிலிருந்து, இத்தனை பைட்டுகளைக் கொடு" என்றே ஒவ்வொரு தடவையும் சொல்கிறது. அந்த அடையாளம், முதற்பெரும் பதிப்பான இரண்டாம் பதிப்பில், வழங்கியே தயாரித்துக் கொடுத்த 32 பைட் அளவுள்ள ஒரு சீட்டு. வட்டில் அக்கோப்பு இருக்கும் இடத்தின் எண்ணும், அந்த இடம் எத்தனையாவது முறையாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற எண்ணும் அதில் அடங்கியிருக்கும். கோப்பை வேறொருவர் அழித்து, அந்த இடத்தில் புதுக் கோப்பு ஒன்று குடியேறிவிட்டால், பழைய சீட்டை நீட்டுகிறவருக்குப் பிறருடைய கோப்பு கிடைத்துவிடாது; சீட்டு காலாவதியாயிற்று என்ற விடையே கிடைக்கும். கணினி நிர்வாகிகளை அவ்வப்போது திகைக்க வைக்கும் அந்தப் பிழைச்செய்தி, உண்மையில் வழங்கியின் யோக்கியதைக்குச் சாட்சி.

இந்த மறதியினால் விளைந்த பெரும் லாபம், மின்சாரம் போய் வழங்கி நின்று மீண்டும் எழுந்தாலும் எவருக்கும் நஷ்டமில்லை என்பதாகும். எழுந்த வழங்கி, யார் யார் எந்தெந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று தேடித் திரியவேண்டியதில்லை, ஏனெனில் விழுவதற்கு முன்பும் அதற்கு அது தெரியாது. விடை வராத கணினியோ, வழங்கி பதிலளிக்கவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன் என்னும் பொருள்பட ஒரு வரியைத் திரையில் இட்டுவிட்டு, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே காத்திருக்கும். பத்து நிமிஷம் ஆனாலும் பத்து மணி நேரம் ஆனாலும் விடை வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே கேள்வியை இருமுறை கேட்டாலும் கெடுதல் இல்லாதபடி கேள்விகளை அமைத்ததே இதன் சூட்சுமம். ஆயினும் எல்லாக் கேள்விகளும் அவ்வளவு சாதுவானவை அல்ல. ஒரு கோப்பை அழிக்கச் சொன்ன கணினி, விடை வழியில் தொலைந்துபோனதால் மறுபடியும் அழிக்கச் சொன்னால், முன்பே அழித்துவிட்ட வழங்கி "அப்படியொரு கோப்பே இல்லை" என்று சொல்லிவிடும். அதற்காகச் சமீபத்தில் கொடுத்த விடைகளைச் சிறிது காலம் வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டைப் பின்னால் சேர்த்தார்கள். மறதியே விரதமாகக் கொண்டிருந்த வழங்கிக்கு முதன்முதலாக நேர்ந்த விரதபங்கம் அது என்பது என் அபிப்பிராயம்.

நஷ்டம் இன்னொரு பக்கமிருந்து வந்தது. எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளாத வழங்கி, "எழுதிவிட்டேன்" என்று விடை சொல்வதற்கு முன் உண்மையாகவே வட்டில் எழுதி முடித்தாக வேண்டும். நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதலாம் என்று இருந்தால், நடுவில் மின்சாரம் போகும்போது பொய்யனாகிவிடும். இரண்டாம் பதிப்பில் ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அளவு 8 கிலோபைட்டுக்கு மேற்படாது. அந்தச் சிறு துண்டு ஒவ்வொன்றுக்கும் சுழலும் வட்டு ஒன்றுக்காகக் காத்திருப்பதென்றால் வேகம் எங்கிருந்து வரும்? தம் நிரலை வேகப்படுத்தியபோது கற்றவற்றை மாக்லெம் 1991-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் கட்டுரையாக வாசித்தார்: விடை வரத் தாமதமானால் எவ்வளவு நேரம் பொறுத்து மறுபடியும் கேட்பது என்பதை நிலையான ஓர் எண்ணாக வைக்காமல், வலைப்பின்னலின் அப்போதைய தாமதத்தை அளந்து தீர்மானிப்பது, செய்திகளைத் தொலையாமல் சேர்ப்பிக்கும் டி.சி.பி. என்னும் வலைப்பின்னல் முறையின் வழியாகவே இந்த நெறிமுறையை ஓட்டுவது ஆகியவை அதில் பேசப்பட்டன. பக்கத்து அறைக்கு மட்டும் என்று எண்ணப்பட்டிருந்த ஒரு சாதனம் தொலைதூரத்துக்கும் உபயோகமாகத் தொடங்கிய கட்டம் அது. 1995-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, எழுதும் பகுதிகளை உடனே வட்டில் பதிக்காமல் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் கடைசியில் ஒருமுறை உறுதிப்படுத்தச் சொல்லும் வசதி ஏற்பட்டது. இடையில் வழங்கி விழுந்து எழுந்திருந்தால் அது தரும் ஓர் எண் மாறிவிடும்; எண் மாறியதைக் கண்ட கணினி, தான் பத்திரமாக வைத்திருந்த பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும். இங்கும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் பாரம் கேட்பவர் தலையிலேயே விழுந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஆனால், ஒரே கோப்பை இரண்டு பேர் கையாளும்போது சங்கடம் வந்துவிடுகிறது. வேகத்துக்காக ஒவ்வொரு கணினியும் வாங்கிய கோப்பின் பிரதியைத் தன்னிடமே சிறிது நேரம் வைத்துக்கொள்கிறது; அதற்குள் இன்னொருவர் அக்கோப்பைத் திருத்திவிட்டால், முதலாமவர் பழையதையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் எந்தப் பிரதியை வைத்திருக்கிறார்கள் என்பதை வழங்கி குறித்து வைத்திருந்தால் அவர்களுக்குத் தகவல் சொல்லலாம். குறித்து வைத்தாலோ, விழுந்து எழும்போது அக்குறிப்புகள் என்னாவது என்ற பழைய பிரச்சினை திரும்பி வரும். 1989-இல் ஸ்டான்ஃபோர்டில் கேரி கிரே, டேவிட் செரிட்டன் ஆகிய இருவர் முன்வைத்த ஒரு யுக்தியை மாக்லெம் இதற்குப் பிரயோகித்தார். கோப்பைத் தன்வசம் வைத்துக்கொள்ளும் உரிமையை வழங்கி நிரந்தரமாகக் கொடுக்காமல், சொற்ப கால அளவுள்ள குத்தகையாகக் கொடுக்கும். தவணை முடிந்தால் உரிமையும் தானே முடிந்துபோகும். வழங்கி விழுந்து எழுந்தால், தான் கொடுத்திருக்கக்கூடிய மிக நீண்ட தவணை எவ்வளவோ அவ்வளவு நேரம் புதிய உரிமை எதுவும் வழங்காமல் சும்மா இருந்தால் போதும். பழைய குத்தகைகள் அனைத்தும், யாருக்குக் கொடுத்தோம் என்பது நினைவில்லாமலே, காலாவதியாகியிருக்கும். ஞாபகத்தின் பயன்களையெல்லாம் பெற்றுக்கொண்டு, அந்த ஞாபகத்தை இழந்தாலும் ஆபத்தில்லை என்ற நிலையை ஏற்படுத்திய இந்த உபாயத்தைக் காட்டிலும் அழகான ஒன்றைக் கணினி விஞ்ஞானத்தில் நான் அதிகம் கண்டதில்லை. 1994-இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையும், பெர்க்லியின் 4.4 பி.எஸ்.டி.யில் சேர்ந்த நிரலும் பெருவழக்காகவில்லை என்றாலும், 2000-இல் முதலில் வரையப்பட்டு 2003-இல் திருத்தம் பெற்ற நான்காம் பதிப்பு, யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்பதை வழங்கி நினைவில் வைக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தபோது, அதே குத்தகை முறையின்மேல்தான் தன்னை நிறுத்திக்கொண்டது. லினக்ஸ் வழங்கி ஒன்றை மறுபடி இயக்கினால் சுமார் 90 விநாடி எதற்கும் பிடி கொடாமல் நிற்பதைப் பார்த்துப் பழுதென்று எண்ணுவோர் உண்டு. அது பழுதன்று, பழைய உரிமையாளர்கள் வந்து தத்தம் உரிமையை மீண்டும் பதிவு செய்துகொள்ள அளிக்கும் அவகாசம்.

ஃப்ரீ பி.எஸ்.டி.க்கான நான்காம் பதிப்பு நிரலையும் மாக்லெமே எழுதினார். 2009-இன் எட்டாம் வெளியீட்டில் சோதனையாக நுழைந்த அது, 2012-இன் ஒன்பதாம் வெளியீட்டில் இயல்பான வழங்கியாயிற்று. வழியில் போகும் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பும் ஏற்பாடும் 2021-இன் பதின்மூன்றாம் வெளியீட்டில் அவர் கைவண்ணத்தால் வந்தது. லினக்ஸுக்கான நான்காம் பதிப்பு வேலை மிச்சிகன் சர்வகலாசாலையில் நடந்தது. பிரான்ஸ் தேசத்து அணுசக்தி ஆணையத்தார், இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் புகாமல் சாதாரண நிரலாகவே ஓடும் வேறொரு வழங்கியைச் செய்து, அதற்கு கணேஷா என்று பெயரிட்டு, 2007-இல் ஒன்டாரியோ மாகாணத்து ஆட்டவா நகரில் கூடிய லினக்ஸ் மாநாட்டில் விவரித்தார்கள். விக்கினம் தீர்ப்பவர் பெயரைப் பாரிஸ் பக்கத்து அணு விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தது நமக்கு வேடிக்கையாகவும் திருப்தியாகவும் இருக்கிறது.

நிரலை எழுதி முடிப்பதோடு காரியம் தீர்ந்துவிடுவதில்லை; அதைப் பொதியாகக் கட்டுவது தனி வித்தை. ஃப்ரீ பி.எஸ்.டி.யில் கெர்னலும் கருவிகளும் ஒரே மரத்தில் ஒரே குழுவின் மேற்பார்வையில் வளர்வதால் சிக்கல் குறைவு. லினக்ஸிலோ வழங்கியின் உயிர்ப்பகுதி கெர்னலில் இருக்கும், அதனை இயக்கும் கருவிகள் வேறொரு தொகுப்பிலிருந்து வரும், அவை நம்பியிருக்கும் நூலகங்கள் இன்னும் வேறிடத்திலிருந்து வரும். இவற்றுள் எதன் எந்தப் பதிப்பு எதனோடு ஒத்துப்போகும் என்று அறிந்து, ஒரே கட்டளையில் நிறுவும்படி செய்து கொடுப்பவர் பொதி கட்டுபவர். டெபியன் என்னும் லினக்ஸ் விநியோகத்தில், கோப்புகளைப் பெறும் கணினிக்கு வேண்டியவை ஒரு பொதியாகவும், வழங்கும் கணினிக்கு மட்டும் வேண்டியவை மற்றொரு பொதியாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கேட்பவர் வீட்டில் வழங்கி வீணாக ஓடாதிருக்க இந்தப் பிரிவினை. எந்தெந்த அடைவை யார் யாருக்குத் திறந்துவிடுவது என்பது எக்ஸ்போர்ட்ஸ் என்னும் சிறு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பொதி கட்டுபவர் அனுப்பும் புதிய பதிப்பு, நிர்வாகி தம் கைப்பட எழுதிய அத்தகைய கோப்புகளின்மேல் கேளாமல் கைவைக்கக் கூடாதென்பது டெபியனில் சாஸ்திரம்போல் கடைப்பிடிக்கப்படும் விதி. வெளியிட்ட பதிப்பில் பாதுகாப்புக் குறை தென்பட்டால், புதுப் பதிப்பை அப்படியே திணிக்காமல், அந்தத் திருத்தத்தை மட்டும் பழையதில் ஒட்டித் தருவதும் அவர் கடமை.

எல்லாவற்றிலும் பொறுப்பு மிகுந்தது, எவரும் எதுவும் சொல்லாதபோது என்ன நடக்கவேண்டும் என்ற தீர்மானம். லினக்ஸ் கருவித் தொகுப்பின் 1.0.0 பதிப்பு வரையில், நிர்வாகி குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், வட்டில் பதிக்கும் முன்பே "பதித்துவிட்டேன்" என்று வழங்கி விடையளிக்கும் முறையே இயல்பாக இருந்தது. ஓட்டத்தில் சுறுசுறுப்பாகத் தோன்றியது. வழங்கி திடீரென்று நின்றால் நேர்ந்த நஷ்டம் மட்டும் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. அதற்குப் பிந்திய பதிப்புகள் இதை மாற்றி, பதித்த பின்பே விடை சொல்லும் முறையை இயல்பாக்கின. அவ்வாறே, வெளிக்கணினியின் சர்வாதிகாரியான ரூட் என்பவர் வழங்கியிடம் வரும்போது அவரைச் சாமானியராகவே நடத்துவது என்பதும் இயல்பு ஏற்பாடு. கையேட்டைத் திறந்து பாராமலே நிறுவுகிற ஆயிரக்கணக்கானவர்களின் கோப்புகள் பத்திரமாக இருப்பது, முகம் தெரியாத ஒருவர் இப்படித் தேர்ந்துவைத்த ஒரு சொல்லினால் என்று எண்ணிப்பார்க்கையில், நிரலாசிரியருக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது பொதி கட்டுபவருக்குக் கிடைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பொதியின் வடிவத்தை விஞ்ஞானம் மாத்திரமல்ல, சட்டமும் தீர்மானிப்பதுண்டு. டொராண்டோ சர்வகலாசாலையின் கணினி விஞ்ஞானத் துறையினர் தம்மவரின் கோப்புகளை நெடுங்காலமாக இதே என்.எஃப்.எஸ். முறையில்தான் வழங்கி வருகிறார்கள். வட்டுகளை நிர்வகிப்பதற்கு சன் நிறுவனத்தில் பிறந்த இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பமைப்பை நம்பியிருக்கிறார்கள். சன் நிறுவனத்தின் இயங்குதளமான சோலாரிஸில் தொடங்கி, அதன் வழிவந்த ஆம்னிஓஎஸ்ஸில் சில ஆண்டுகள் கழித்து, பின்னர் உபுண்டு லினக்ஸுக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். லினக்ஸில் இசட்.எஃப்.எஸ். நெடுநாள் விருந்தாளியாகவே இருந்துவந்ததற்குக் காரணம், இரண்டும் கட்டற்ற மென்பொருள்களே ஆயினும் அவற்றின் உரிமங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று கருதப்பட்டதுதான். டெபியன் அதனை மூலநிரலாகவே கொடுத்து, பயனர் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளச் செய்கிறது. உபுண்டு 2016-இல் தயார்நிலையில் தொகுத்தே வழங்கத் துணிந்தது; கட்டற்ற மென்பொருள் ஸ்தாபனங்களில் ஒன்றான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அதைப் பகிரங்கமாகவே ஆட்சேபித்தது. எந்தப் பக்கம் நியாயம் என்பதை வக்கீல்களுக்கு விட்டுவிடலாம். நிர்வாகிக்குக் கிடைத்ததோ, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி தொகுக்கவேண்டிய தொல்லையிலிருந்து விடுதலை.

கடைசியாக நம் பாஷைக்கே உரிய ஒரு விஷயம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்ச் சங்கம் ஒன்று தன் ஆண்டு மலர்களையெல்லாம் படமெடுத்து, தமிழிலேயே பெயரிட்டு, இத்தகைய வழங்கி ஒன்றில் சேமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் பதிப்பு வரை வழங்கிக்கு எழுத்தென்றால் என்னவென்றே தெரியாது. கோப்பின் பெயர் அதற்கு வெறும் பைட்டுகளின் வரிசை. அந்த அறியாமையே நமக்கு அனுகூலமாயிற்று, ஏனெனில் அது தமிழைச் சிதைக்கவும் அறியாது. ஆயினும் லினக்ஸ் கோப்பமைப்புகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்படக் கூடாது; யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை விழுங்கும். உயிர்மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு குறிகளால் ஆனவை. விண்டோஸ் கணினியில் 255 குறிகள் வரை நீட்டி எழுத முடிந்த பெயர், வழங்கிக்குப் போனால் 85 குறிகளுக்கு மேல் ஏற்கப்படாது. அறிஞர் பெருமக்களின் பட்டங்களையும் பதவிகளையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்து எழுதும் சங்கத்தார் இதை மனத்தில் கொள்வது நல்லது.

இதனினும் நுட்பமான சங்கடம் ஒகர, ஓகார வரிசையில் இருக்கிறது. "பொங்கல்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. ஒகரக் குறியை ஒரே குறியாக எழுதினால் ஏழு குறிகள், 21 பைட். அதையே ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதினால் எட்டுக் குறிகள், 24 பைட். யூனிகோடு விதிப்படி இரண்டும் ஒன்றே. மாக்கிண்டோஷ் கணினிகளின் பழைய கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். பிற கணினிகளில் பெரும்பாலும் சேர்ந்தே எழுதப்படும். பைட்டுகளை மட்டும் அறிந்த வழங்கிக்கு அவை இரு வேறு பெயர்கள். ஆகவே ஒரே அடைவில் எழுத்துக்கு எழுத்து ஒத்த இரண்டு பொங்கல் மலர்கள் அருகருகே நிற்கக்கூடும், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. நான்காம் பதிப்பை வகுத்தோர் இதற்கு விதிகள் எழுதிப்பார்த்தார்கள். நிரல் எழுதியோர் அவற்றைப் பின்பற்றவில்லை. 2015-இல் வந்த திருத்தத்தில் அவ்விதிகள் தளர்த்தப்பட்டன. இசட்.எஃப்.எஸ்.ஸிலோ, சேமித்த பெயரை மாற்றாமலே இரு வடிவங்களையும் ஒன்றாகக் கொண்டு ஒப்பிடும்படி சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. சொல்லாவிட்டால் ஒப்பிடாது என்பதே அதன் இயல்பு. கோப்பமைப்பை உருவாக்கும் வேளையில் சொன்னால்தான் உண்டு, பின்னால் மாற்ற இயலாது. ஆகவே தமிழ்க் கோப்புகளுக்கென்று வழங்கி அமைப்பவர்கள், முதல் மலரை ஏற்றுவதற்கு முன்னரே அந்த ஒரு வரியை எழுதிவிட வேண்டும்.